இன்டெல் ஏஎக்ஸ்210: லினக்ஸ் லேப்டாப்புக்கு இந்த வைஃபை கார்டு சரிப்படுமா?

லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி அறுந்துபோனாலோ, மூடித் திறந்ததும் நெட்வொர்க் பட்டியல் காலியாகக் கிடந்தாலோ, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் முடிந்த கையோடு கார்டே காணாமல் போனாலோ, விவரம் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது "இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்கிப் போடுங்கள்" என்பதுதான். யோசனை தப்பில்லை. லினக்ஸில் நம்பி வாங்கக்கூடிய கார்டுகளில் இதைத்தான் முதல் இடத்தில் வைக்க வேண்டும். ஆனால் சில லேப்டாப்புகள் இதை ஏற்கவே ஏற்காது. பல நேரம் பழைய கார்டில் கோளாறே இருக்காது. கார்டு நல்லதாக இருந்தும், அதற்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேர் பொருந்தாவிட்டால் ஒன்றும் நடக்காது. இந்த விமர்சனம் கார்டை எடைபோடுவதோடு, அதைச் சுற்றி வரும் சிக்கல்களைக் கண்டுபிடிக்கும் வழியையும் சேர்த்தே சொல்கிறது. லினக்ஸில் இரண்டையும் பிரித்துப் பேச முடியாது.

முதலில் கார்டு என்னவென்று பார்ப்போம். எம்.2 2230 அளவு, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். 2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸ் மூன்று அலைவரிசையும் உண்டு. இரண்டு ஆன்டெனா, 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் வரை, இணைப்பு வேகம் அதிகபட்சம் நொடிக்கு 2402 மெகாபிட். வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவும் ப்ளூடூத் யுஎஸ்பி வழியாகவும் மதர்போர்டோடு பேசும். இதை நினைவில் வையுங்கள். வைஃபை அருமையாக ஓடி ப்ளூடூத் மட்டும் வராத லேப்டாப்பில் பெரும்பாலும் அந்த ஸ்லாட்டுக்கு யுஎஸ்பி இணைப்பு கொடுக்கப்பட்டிருக்காது, அல்லது ப்ளூடூத்துக்கான தனி ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமல் இருக்கும்.

வேகத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று இந்தக் கார்டை முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறது. இதன் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், ஐடபிள்யூஎல்வைஃபை. அது கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கெர்னல் 5.10 பதிப்பு முதல் இந்தக் கார்டை அது அடையாளம் காணும். வெளியிலிருந்து எதையும் இறக்கிக் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. கெர்னல் மாறும்போது டிரைவரும் கூடவே மாறும். கையெழுத்தில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் போட்டிருந்தாலும் தனியாகச் சாவி பதிவு செய்யும் வேலை இல்லை. பிராட்காமின் பிசிஎம்43142, பிசிஎம்4360 போன்ற கார்டுகள் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். அவற்றுக்கான டபிள்யூஎல் டிரைவரை நிறுவனம் கடைசியாக 2015-இல் வெளியிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பெரிய கெர்னல் மாற்றத்துக்கும் உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்களைப் பராமரிப்பவர்கள்தான் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். கெர்னல் அப்டேட்டுக்குப் பின் வைஃபை மறைவது அந்தக் கார்டுகளில் அநேகமாக இதனால்தான்: டிகேஎம்எஸ் (வெளி டிரைவர்களைத் தானாகக் கட்டும் கருவி) புதுக் கெர்னலுக்கு டிரைவரைக் கட்ட முயன்று தோற்றிருக்கும், அல்லது கட்டிய டிரைவரில் கையெழுத்து இல்லையென்று செக்யூர் பூட் தடுத்திருக்கும்.

பழைய கார்டைக் கழற்றும் முன்

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே ஆப்ஷனோடு ஓட்டுங்கள். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியில் கார்டின் பெயரும், சதுர அடைப்புக்குள் எட்டு இலக்க எண்ணும் வரும். ஏஎக்ஸ்210-க்கு அது 8086:2725. பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு சிப்புகள் விற்கப்படுவது சகஜம். அந்த வரிக்குக் கீழே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று ஒரு வரி இருந்தால் டிரைவர் கார்டைப் பிடித்துவிட்டது. "கெர்னல் மாட்யூல்ஸ்" வரி மட்டும் இருந்து இந்த வரி இல்லையென்றால், டிரைவர் இருக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. இரண்டும் இல்லையென்றால் கெர்னல் பழசாக இருக்கலாம், அல்லது டிரைவரே நிறுவப்படாமல் இருக்கலாம். கார்டே பட்டியலில் இல்லையென்றால் பிரச்சினை லினக்ஸுக்கும் கீழே இருக்கிறது. கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் அணைத்திருக்கலாம், ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருக்கலாம், கார்டே செத்திருக்கலாம். இந்த நான்கில் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து ஆர்எஃப்கில் லிஸ்ட் கட்டளை. வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று அது காட்டும். "சாஃப்ட் பிளாக்ட்" என்பதில் யெஸ் என்று இருந்தால், ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல் என்று கொடுத்தால் போதும். "ஹார்ட் பிளாக்ட்" யெஸ் என்றால் கட்டளையால் ஆவது ஒன்றுமில்லை. லேப்டாப் ஓரத்தில் உள்ள சிறு சுவிட்சையோ ஃபங்ஷன் சாவியையோ தேடுங்கள். சுவிட்சே இல்லாத சில லேப்டாப்புகளிலும் ஹார்ட் பிளாக் காட்டும். அங்கே கார்டைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. லேப்டாப் நிறுவனத்துக்கான தனி மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் டிரைவர் துண்டு), உதாரணமாக ஐடியாபேட்_லேப்டாப் அல்லது ஏசர்_டபிள்யூஎம்ஐ, இல்லாத சுவிட்ச் அணைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளும். அந்த மாட்யூலைத் தற்காலிகமாக நீக்கிப் பார்த்து, வைஃபை வந்தால் இனி ஏறாதபடி பிளாக்லிஸ்ட்டில் போடலாம். நீக்கும்போது அந்த மாட்யூல் கவனித்துக்கொண்டிருந்த சில சிறப்புச் சாவிகள் வேலை செய்யாமல் போகலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள் இன்னொன்றைப் பார்த்தே ஆக வேண்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணையாது. பாதித் தூக்கத்தில் விட்ட கார்டை லினக்ஸ் டிரைவர் எழுப்ப முடியாமல் திணறும். கணினியின் பதிவேடான லாகில் -110 என்ற எண், அதாவது நேரம் கடந்துவிட்டது என்ற பிழை, தெரியும். விண்டோஸின் பவர் ஆப்ஷன்களில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி, லேப்டாப்பை முழுக்க அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். இது ஏஎக்ஸ்210-க்கும் பொருந்தும்.

ரியல்டெக் கார்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆர்டிஎல்8723பிஇ கார்டில் ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் சிக்னல் வருகிறதென்றால், ஒரே ஆன்டெனா வயர் உள்ள லேப்டாப்பில் டிரைவர் தப்பான முனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மாட்யூல் ஆப்ஷன்களை வைக்கும் மோட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் ஏஎன்டி_செல் மதிப்பை 1 அல்லது 2 என்று மாற்றிப் பார்த்தாலே சரியாகிவிடும். ஆர்டிஎல்8821சிஇ, 8822சிஇ கார்டுகள் திடீர் திடீரென்று உறைந்தால், ஆர்டிடபிள்யூ88_பிசிஐ மாட்யூலுக்கு டிசேபிள்_ஏஎஸ்பிஎம் என்ற ஆப்ஷனைப் போட்டுப் பாருங்கள். மீடியாடெக் எம்டி7921, எம்டி7922 கார்டுகளின் எம்டி7921இ மாட்யூலுக்கும் இதே பெயரில் ஆப்ஷன் உண்டு. பிசிஐ இணைப்பை மின்சிக்கனத்துக்காகத் தூங்கவிடும் ஏஎஸ்பிஎம் ஏற்பாட்டோடு இந்தக் கார்டுகள் சில மதர்போர்டுகளில் ஒத்துப்போவதில்லை. இதை நிறுத்தினால் பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், இணைப்பு நிலையாகும். இத்தனையும் பார்த்து, அதற்கும் மேல் தொல்லை தொடர்ந்தால் மட்டும் புதுக் கார்டுக்குப் போகலாம்.

எந்த லேப்டாப்பில் உட்காரும்

இங்கேதான் பலர் தப்பான கார்டை வாங்குகிறார்கள். ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்200 இரண்டும் முழுக் கார்டுகள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 அப்படியல்ல. அவை சிஎன்விஐ வகை: வைஃபையின் பாதி மூளை இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கும், கார்டில் ரேடியோ பகுதி மட்டும்தான். ஏஎம்டி லேப்டாப்பிலோ பழைய இன்டெல் லேப்டாப்பிலோ அவற்றைப் போட்டால் எல்எஸ்பிசிஐ பட்டியலில் ஒரு வரிகூட வராது. பெயரில் ஒரே ஓர் எண்தான் வித்தியாசம், அதனால் விலைப்பட்டியலைப் பார்த்து அவசரப்படாதீர்கள். கையில் கார்டு இருந்தால் கண்ணாலேயே சொல்லிவிடலாம். ஏஎக்ஸ்210-இன் தங்க முனைகள் உள்ள பக்கத்தில் இரண்டு வெட்டுகள் இருக்கும், ஏ, இ இரண்டு வகை ஸ்லாட்டிலும் உட்காரும். ஏஎக்ஸ்201-இலும் 211-இலும் ஒரு வெட்டுதான்.

இப்போது லேப்டாப்பில் இருப்பது சிஎன்விஐயா என்று கழற்றாமலே தெரிந்துகொள்ளலாம். எல்எஸ்பிசிஐ வரியின் தொடக்கத்தில் 00:14.3 என்ற முகவரி இருந்தால் அது சிஎன்விஐ. அந்த மாதிரி லேப்டாப்பின் ஸ்லாட்டில் பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பும் சேர்ந்தே இருக்கும், ஏஎக்ஸ்210 ஓடிவிடும். ஆனால் சில மாடல்களில் அந்த இணைப்பைக் கொடுக்காமலே விட்டிருப்பார்கள். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் எந்தெந்தக் கார்டுகள் அதில் வந்தன என்று பாருங்கள். பட்டியலில் ஏஎக்ஸ்200 போன்ற முழுக் கார்டு ஒன்று இருந்தால் தைரியமாக வாங்கலாம். கார்டு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் பேச்சே இல்லை.

பழைய பிசினஸ் லேப்டாப்புகளில் இன்னொரு முட்டுக்கட்டை உண்டு: பயாஸ் வைட்லிஸ்ட். நிறுவனம் அனுமதித்த கார்டு எண்களைத் தவிர வேறெதைப் போட்டாலும் பூட் ஆகாது. திங்க்பேட் எக்ஸ்230, டி430 காலத்து மாடல்களில் 1802 என்ற எண்ணோடு செய்தி வந்து நின்றுவிடும். லினக்ஸுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, கெர்னல் ஏறும் முன்பே தடுப்பு விழுகிறது. அந்தக் காலத்து லேப்டாப்புகளில் ஸ்லாட்டும் எம்.2 அல்ல, அரை நீள மினி பிசிஐ எக்ஸ்பிரஸ். அதற்கு மாற்று அட்டைகள் கிடைக்கின்றன, ஆன்டெனா முனையின் அளவும் மாறும். இத்தனை ஒட்டுவேலை செய்து ஒரு பழைய மாடலில் 6 கிகாஹெர்ட்ஸ் கார்டைப் பொருத்துவது வீண் வேலை என்பதே எங்கள் கருத்து. அங்கே ஏற்கெனவே இருக்கும் ஏதெரோஸ் கார்டு ஏடிஎச்9கே டிரைவரில் ஓடுகிறதென்றால் அதைத் தொடவே தொடாதீர்கள். வேகம் குறைவுதான், ஆனால் தனி ஃபர்ம்வேர் கோப்பே தேவைப்படாத, வருடக்கணக்கில் தகராறு செய்யாத கார்டு அது.

பொருத்துவது சின்ன வேலை. பயாஸில் உள் பேட்டரியை அணைக்கும் வசதி இருந்தால் அணையுங்கள், இல்லையென்றால் பின்மூடியைத் திறந்ததும் பேட்டரி கேபிளை முதலில் கழற்றுங்கள். ஆன்டெனா முனைகள் எம்எச்எஃப்4 வகை, மிகச் சிறியவை. கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. முனையின் அடியில் பிளாஸ்டிக் நெம்புகோலைக் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். மாட்டும்போது சரியாக மேலே வைத்து, விரல் நுனியால் நேராக அழுத்தினால் மெல்லிய 'க்ளிக்' கேட்கும். சாய்த்து அழுத்தினால் உள் ஊசி வளைந்துவிடும். இந்த முனைகள் அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஒவ்வொரு தடவையும் பிடிப்பு கொஞ்சம் தளரும். மூன்று வயர் உள்ள லேப்டாப்பில் இரண்டை மாட்டி, மூன்றாவதன் முனையை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி ஓரமாக வையுங்கள்.

ஃபர்ம்வேர்

கார்டை மாட்டியாயிற்று, எல்எஸ்பிசிஐயில் தெரிகிறது, ஆனால் வைஃபை இல்லை. பெரும்பாலும் இதன் காரணம் ஃபர்ம்வேர்தான். டிரைவர் கெர்னலில் இருந்தாலும், கார்டுக்குள் ஏற்ற வேண்டிய நிரல் தனிக் கோப்பாக /லிப்/ஃபர்ம்வேர் கோப்புறையில் இருக்க வேண்டும். ஏஎக்ஸ்210-க்கான கோப்பின் பெயர் ஐடபிள்யூஎல்வைஃபை-டிஒய்-ஏ0-ஜிஎஃப்-ஏ0 என்று தொடங்கி, ஒரு பதிப்பு எண்ணோடு யூகோட் என்று முடியும். அதே பெயரில் பிஎன்விஎம் என்று முடியும் இன்னொரு கோப்பும் வேண்டும். ப்ளூடூத்துக்கு ஐபிடி-0041-0041 என்ற பெயரில் தனிக் கோப்பு.

டெபியனில் இவை ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை பேக்கேஜில் வரும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரே இவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய பதிப்பிலிருந்து மேம்படுத்தியவர்கள் ஆதாரப் பட்டியலில் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவைத் தாங்களே சேர்க்க வேண்டும், பலருக்கு விட்டுப்போவது இதுதான். உபுண்டுவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜ் போதும், ஆனால் 20.04-ஐ அதன் முதல் 5.4 கெர்னலோடு ஓட்டிக்கொண்டிருந்தால் எந்த ஃபர்ம்வேர் போட்டும் பயனில்லை. அந்தக் கெர்னலுக்கு இந்தக் கார்டைத் தெரியாது.

லாகைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அலைச்சல் மிச்சம். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி வெளியீட்டில் ஐடபிள்யூஎல்வைஃபை என்று தேடுங்கள். "டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ஃபெய்ல்ட் வித் எரர் -2" என்ற வரிகள் வரிசையாக இருந்தால் பதற வேண்டாம். -2 என்றால் கோப்பு இல்லை என்று பொருள். டிரைவர் தனக்குத் தெரிந்த உயர்ந்த பதிப்பு எண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கித் தேடும். ஏதாவது ஒன்று கிடைத்து "லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்" என்ற வரி வந்துவிட்டால் மேலே வந்த தோல்விகள் எதுவும் பொருட்டல்ல. கடைசியில் "நோ சூட்டபிள் ஃபர்ம்வேர் ஃபவுண்ட்" என்று நின்றால்தான் பிரச்சினை. ஐடபிள்யூஎல்-டீபக்-யோயோ.பின் என்ற கோப்பு இல்லை என்று வரும் வரியைப் பார்த்துப் பயந்து பலர் அதைத் தேடி அலைகிறார்கள். அது பிழைதிருத்தத்துக்கானது, சாதாரணப் பயனருக்குத் தேவையே இல்லை.

இன்னொரு வகைக் கோளாறு: ஃபர்ம்வேர் ஏறி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே "மைக்ரோகோட் எஸ்டபிள்யூ எரர் டிடெக்டட்" என்று லாகில் விழுந்து இணைப்பு அறுந்து திரும்ப வரும். எப்போதாவது ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம், டிரைவர் தானே ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றிக்கொள்ளும். ஒரு நாளில் பல தடவை என்றால் கெர்னலும் ஃபர்ம்வேரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. முதலில் இரண்டையும் புதுப்பியுங்கள். புதுப்பித்த பிறகுதான் இது தொடங்கியது என்றால் எதிர்த் திசையில் போங்கள்: யூகோட் கோப்புகளில் உயர்ந்த எண் உள்ளதை வேறு கோப்புறைக்கு நகர்த்திவிட்டு மறுபடி பூட் செய்தால், டிரைவர் அதற்குக் கீழுள்ள பதிப்பை எடுத்துக்கொள்ளும். புதிய விநியோகங்களில் இந்தக் கோப்புகள் சுருக்கப்பட்டு இசட்எஸ்டி அல்லது எக்ஸ்இசட் என்ற வாலோடு இருக்கும், தேடும்போது கவனியுங்கள். பூட் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் ஃபர்ம்வேர் இருந்தால் அதையும் புதுப்பிக்காமல் மாற்றம் தெரியாது. ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒரு குறைந்தபட்ச எண் உண்டு, அதற்குக் கீழே போக முடியாது. கார்டு புதிதாக வந்த காலத்துக் கெர்னல்களில் பிஎன்விஎம் கோப்பின் பெயரை மாற்றிவைத்துச் சமாளிக்கும் வழி பரவலாக இருந்தது. இன்றைய கெர்னலில் அதைச் செய்யாதீர்கள்.

வேகமும் சிக்னலும்

ஓடத் தொடங்கியதும் ஐடபிள்யூ டெவ் என்று கொடுத்து கார்டின் பெயரைப் பாருங்கள். பழைய கார்டின் பெயர் டபிள்யூஎல்பி2எஸ்0 என்று இருந்து, புதியது வேறு எண்ணோடு வரலாம். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் பழைய இணைப்பு அந்தப் பெயரோடோ மேக் முகவரியோடோ கட்டப்பட்டிருந்தால், கடவுச்சொல் சரியாக இருந்தும் இணையாது. அந்த இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணைப்பதே சுலபம்.

பிறகு ஐடபிள்யூ டெவ், கார்டின் பெயர், லிங்க். டிஎக்ஸ் பிட்ரேட் வரியில்தான் எல்லாம் இருக்கிறது. வைஃபை 6 ரவுட்டர், 80 மெகாஹெர்ட்ஸ் சேனல், நல்ல சிக்னல் என்றால் 1200.9 என்ற எண்ணும் எச்இ-என்எஸ்எஸ் 2 என்பதும் (இரண்டு தரவு ஓடைகள்) வரும். 160 மெகாஹெர்ட்ஸ் என்றால் 2401.9. என்எஸ்எஸ் 1 என்றே எப்போதும் நின்றால் ஓர் ஆன்டெனா சரியாக உட்காரவில்லை என்று சந்தேகியுங்கள். உறுதிசெய்ய ஸ்டேஷன் டம்ப் கட்டளை உதவும். அதில் சிக்னல் எண்ணுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஒவ்வோர் ஆன்டெனாவின் அளவும் தனித்தனியாக இருக்கும். -52, -56 என்று அருகருகே இருந்தால் நலம். -52, -80 என்று விலகி நின்றால் மூடியைத் திறந்து அந்த முனையை மறுபடி அழுத்துங்கள். மென்பொருளில் நாள்கணக்காகத் தேடப்படும் மெதுவான வைஃபைக்கு இந்த ஒரு வரி பதில் சொல்லிவிடும்.

இணைப்பு வேகம் 1200 என்றால் கோப்பு அந்த வேகத்தில் வராது. ஐபெர்ஃப்3 வைத்து அளந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே நல்ல வேகம். ரவுட்டரின் வயர் முனை 1 கிகாபிட் என்றால், 160 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றியும் வயரில் உள்ள கணினியோடு பேசும்போது ஏறக்குறைய 940 மெகாபிட்டில் முட்டிக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸில் 160 அகலத்துக்கு ரேடாரோடு பகிரும் சேனல்களும் தேவை, ரவுட்டர் காத்திருந்துதான் அவற்றைத் திறக்கும், ரேடார் தென்பட்டால் நகர்ந்துவிடும். நெரிசலான இடத்தில் 80-லேயே விடுவதுதான் நிலையான வேகத்துக்கு நல்லது.

ப்ளூடூத் ஹெட்செட் போட்டதும் வைஃபை தவழ்கிறதென்றால், நீங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறீர்கள். 5-க்கு மாறுங்கள். வெளி டிஸ்க்கோ டாக்கோ யுஎஸ்பி 3 முனையில் செருகியதும் 2.4 சிக்னல் விழுவதும் தெரிந்த விஷயம்தான். யுஎஸ்பி 3 அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். எந்தக் கார்டு போட்டாலும் அது மாறாது.

மின்சிக்கனம் இன்னொரு மறைவான காரணி. தொலைவில் உள்ள கணினியில் வேலை செய்யும் எஸ்எஸ்எச்சில் தட்டும் எழுத்து தாமதமாக வருகிறது, ரவுட்டருக்குப் பிங் அடித்தால் 3, 90, 4, 120 என்று குதிக்கிறது என்றால் பவர் சேவ் ஓடிக்கொண்டிருக்கிறது. உபுண்டுவில் நெட்வொர்க்மேனேஜர் இதை வேண்டுமென்றே போட்டுவைக்கிறது. /இடிசி/நெட்வொர்க்மேனேஜர்/கான்ஃப்.டி கோப்புறையில் வைஃபை.பவர்சேவ் என்ற வரியின் மதிப்பு 3 என்று இருக்கும். 2 என்று மாற்றி நெட்வொர்க்மேனேஜரை மறுபடி தொடங்குங்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால் இந்த டிரைவரின் இன்னொரு பகுதியான ஐடபிள்யூஎல்எம்விஎம் மாட்யூலுக்கு பவர்_ஸ்கீம் மதிப்பை 1 ஆக்கலாம். 11என்_டிசேபிள் என்ற ஆப்ஷனை 1 ஆக்கச் சொல்லும் பழைய அறிவுரையை மட்டும் பின்பற்றாதீர்கள். அது 11என் (வைஃபை 4) மட்டுமல்ல, அதற்கு மேல் வந்த எல்லா வேகத்தையும் அணைத்துவிடும். சோதனைக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கலாம், நிரந்தரமாக விட்டால் இவ்வளவு நல்ல கார்டை வாங்கியதற்கே அர்த்தமில்லை.

குறைகள்

இந்தக் கார்டின் பெரிய குறை ஹாட்ஸ்பாட். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் தாராளமாக அமைக்கலாம். 5-இல் முடியாது. ஐடபிள்யூ லிஸ்ட் வெளியீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்கள் பக்கத்தில் "நோ ஐஆர்" என்ற குறிப்பு இருக்கும். தானாக முன்வந்து ஒலிபரப்பக் கூடாது என்பது அதன் பொருள். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைச் சுற்றியுள்ள ரவுட்டர்களைக் கேட்டுக் கார்டின் ஃபர்ம்வேரே முடிவுசெய்கிறது. ஐடபிள்யூ ரெக் செட் என்று நாட்டுக் குறியீட்டைக் கொடுத்தாலும் அது காதில் வாங்காது. ரெக் கெட் வெளியீட்டில் "செல்ஃப்-மேனேஜ்ட்" என்று இருப்பது இதைத்தான் சொல்கிறது. இதை அணைக்க முன்பு ஒரு மாட்யூல் ஆப்ஷன் இருந்தது, கெர்னலிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். பழைய மினி கணினியை ரவுட்டராக மாற்ற நினைப்பவர்கள் இந்தக் கார்டை வாங்கவே வேண்டாம், மீடியாடெக் பக்கம் போங்கள்.

6 கிகாஹெர்ட்ஸ் தெரியவில்லை என்ற புகாருக்கும் இதே வேர் ஒன்று உண்டு. உங்கள் நாட்டில் அந்த அலைவரிசைக்கு அனுமதி இருக்க வேண்டும், கார்டின் ஃபர்ம்வேருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் சரி என்றால் அடுத்துப் பாதுகாப்பு: 6-இல் டபிள்யூபிஏ2 செல்லாது, டபிள்யூபிஏ3 கட்டாயம். இந்தப் பாதுகாப்பைக் கவனிக்கும் மென்பொருளான டபிள்யூபிஏ சப்ளிகன்ட் 2.10-க்குக் குறைந்த பதிப்பில் முயல வேண்டாம். 6-க்கென்று வடிவமைக்காத பழைய ஆன்டெனாக்களில் வீச்சு குறைவாகவே இருக்கும்.

மூடித் திறந்ததும் கார்டு மறையும் தொல்லை ஏஎக்ஸ்210-இல் குறைவு, ஆனால் முழுக்க இல்லாமல் இல்லை. லாகில் "ஹார்ட்வேர் பிகேம் அன்அவெய்லபிள்" என்று வந்தால், ஐடபிள்யூஎல்எம்விஎம், ஐடபிள்யூஎல்வைஃபை இரண்டையும் அதே வரிசையில் மோட்ப்ரோப் -ஆர் கொண்டு நீக்கி மறுபடி ஏற்றுங்கள். திரும்பி வந்தால் பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பிசிஐ சாதனத்தை நீக்கி ரீஸ்கேன் கொடுங்கள். அதிலும் வராமல் முழுதாக அணைத்தால் மட்டும் வருகிறதென்றால், பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் என்று கெர்னல் வரியில் சேர்த்துப் பார்க்கலாம்.

வேறு எதை வாங்கலாம்

ரவுட்டர் 6 கிகாஹெர்ட்ஸ் பேசாது, கெர்னலும் கொஞ்சம் பழசு என்றால் ஏஎக்ஸ்200 போதும். 5.1 கெர்னல் முதல் ஓடும், 5 கிகாஹெர்ட்ஸில் 210-க்குச் சமம். எம்டி7922 இன்று மோசமான கார்டு அல்ல. ஏஎம்டி லேப்டாப்பில் அது ஏற்கெனவே இருந்து ஒழுங்காக ஓடினால் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. வைஃபை 7-க்கான இன்டெல் பிஇ200 கார்டை 6.5 கெர்னல் முதல் டிரைவர் அறியும், ஆனால் ஏஎம்டி கணினிகள் பலவற்றில் அது கண்ணில் படவே மாட்டேன் என்கிறது. ஏஎம்டி வைத்திருப்பவர்கள் 210-ஐத் தாண்டிப் போக வேண்டாம். வைட்லிஸ்ட்டோ பற்றவைத்த கார்டோ குறுக்கே நின்றால் யுஎஸ்பி அடாப்டர்தான் வழி. அட்டைப்பெட்டியில் உள்ள நிறுவனத்தின் பெயரைப் பார்க்காமல் உள்ளே உள்ள சிப்பைக் கேட்டு வாங்குங்கள்: எம்டி7612யு அல்லது எம்டி7921ஏயு என்றால் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, பின்னதற்கு 5.18 அல்லது அதற்கு மேற்பட்ட கெர்னல் வேண்டும்.